பன்னிரண்டாவது கேள்வி

பத்து மணி ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருளப்பன் தன் செல்போனைப் பார்த்தார். தவறிய அழைப்பு ஒன்று. மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து எண். பார்த்த கையோடு போனை அணைத்து, ஊழியர் நீட்டிய பிளாஸ்டிக் தட்டில் மற்ற ஆசிரியர்களின் போன்களோடு போட்டுவிட்டு, விடைத்தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினாலாம் அறைக்கு நடந்தார். தேர்வு அறைக்குள் கண்காணிப்பாளர் போன் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறாத மனிதர் அவர், விலங்கியல் துறையில் இருபது வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கியதில்லை. ஆனால் 'ஒரே நிமிஷம், பிள்ளையோட ஸ்கூல்லேருந்து கூப்பிட்டிருக்காங்க' என்று சொல்லியிருந்தால் யார் வேண்டாம் என்றிருக்கப் போகிறார்கள்? சொல்லவில்லை. விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அவ்வளவுதான். இனி ஒரு மணி வரைக்கும் அந்தப் பக்கம் என்ன சொல்ல நினைத்தார்கள் என்பது தெரியாது. தெரியாத வரைக்கும் அது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம், பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அந்தக் கணக்கு. முப்பது பிள்ளைகள், மூன்று வரிசை. விலங்கியல் ஒன்று, வரலாறு ஒன்று, வணிகவியல் ஒன்று. சொந்தப் பாடக்காரர்களை மேற்பார்க்க அவரைப் போடக் கூடாதுதான், ஆள் பற்றாக்குறை, போட்டுவிட்டார்கள். மணி அடித்தது. கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டு நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் பேன்ட் பையில் இருந்தது தொடையில் இடித்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். கனம் என்று பார்த்தால் ஐம்பது கிராம்கூட இருக்காது.

ஒரு பூதக்கண்ணாடி. உள்ளங்கை அளவு வட்டம், கட்டை விரல் நீளத்துக்குச் சிவப்புப் பிடி, பிடியில் வெள்ளை டேப், டேப்பில் பேனாவால் '3 பி' என்று எழுதியிருந்தது. காலையில் மகள் இளவேனிலின் பையில் சாப்பாட்டு டப்பாவை வைக்கப் போனபோது அடியில், கைக்குட்டையில் சுற்றி, அதற்கு மேல் கணக்கு நோட்டை வைத்து மறைத்து, அப்படிக் கிடந்தது. மறைத்து என்பதுதான் அவரைக் குத்தியது. சும்மா கிடந்திருந்தால்கூட மறந்து எடுத்து வந்திருக்கும் என்று நினைக்கலாம். எட்டு வயதுப் பிள்ளை கைக்குட்டையில் சுற்றுமா? "வேனிலு, பைக்குள்ள என்னடா வச்சிருக்க?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டார். அவள் தலை வாரிக்கொண்டு நின்றாள், திரும்பினாள், இரண்டு கையும் பின்னால் போயிற்று. "ஒண்ணுமில்லப்பா." அந்த 'ஒண்ணுமில்ல' வந்த வேகம். சனி ஞாயிறு முழுக்க மொட்டை மாடியிலேயே கிடந்தாள், அவர் படியேறினால் கதவைச் சாத்தினாள், "வராதப்பா, ரகசியம்" என்று உள்ளிருந்து சிரித்தாள், அவரும் கூடச் சிரித்தாரே, முட்டாள். வெள்ளிக்கிழமை மாலை கல்லூரியில் தேர்வு வேலை இருந்து நேரமாகிவிட்டது, அன்றைக்கு ஒரு நாள்தான் அவள் பையைக் கொட்டிப் பார்க்கவில்லை, ஒரே ஒரு நாள். மற்ற எல்லா நாளும் பார்ப்பார். வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே பையை வாங்கிப் பாயில் கொட்டி, இந்த ரப்பர் யாருது, இந்தப் பென்சில் யாரு குடுத்தா, கேட்டு வாங்கினியா கேக்காம எடுத்தியா. மனைவி வளர்மதிக்கு அது பிடிக்காது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாள் முழுக்க மனிதர்களைப் பார்ப்பவள். "புள்ளையத் தெனமும் போலீசு மாதிரி சோதிக்கிறீங்க, இது நல்லாவா இருக்கு?" என்பாள். ஒழுங்கு வரட்டும் என்றுதான் செய்கிறேன் என்பார். இன்றைக்கு அவளுக்குக் காலை டூட்டி, ஆறு மணிக்கே போய்விட்டாள். அவளிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள், நேராகப் பிள்ளையிடமே கேட்டிருப்பாள். அவர் கேட்கவில்லை. ரிப்பன் கட்டிவிடுகிற சாக்கில் பிள்ளையைத் திருப்பி நிறுத்திவிட்டு, எட்டிக் கைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணாடியை எடுத்துத் தன் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. இத்தனை லாவகம் இந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதே ஒரு நினைப்பு வந்து போனது.

"சார், எட்டாவது கேள்வியில பிரிண்ட் சரியா விழல." வணிகவியல் பையன். போய்ப் பார்த்தார், பக்கத்துத் தாளைப் பார்த்து வாசித்துக் காட்டினார். மின்விசிறி கடகடத்தது. விலங்கியல் வரிசையில் முதல் மேஜையில் கிடந்த கேள்வித்தாளில் கண் தானாகப் போய் விழுந்தது. பன்னிரண்டு: பெறப்பட்ட பண்புகள் மரபுவழிக் கடத்தப்படுமா? எடுத்துக்காட்டுகளுடன் விவாதிக்க. பத்து மதிப்பெண். கடத்தப்படாது. பிள்ளைகளே, எழுதுங்கள், கடத்தப்படாது. கொல்லன் கை காய்த்துப் போகும், கொல்லன் பிள்ளை கை காய்த்துப் பிறக்காது. எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தார் ஒரு ஜெர்மன்காரர், குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டதென்று சொன்ன பிரெஞ்சுக்காரர் பாவம், நல்ல மனிதர், தப்பு. பிறகு வந்த தாடிக்காரர் சொன்னதுதான் சரி, அவருக்கும் இந்த விஷயத்தில் உள்ளுக்குள் ஒரு தடுமாற்றம் இருந்தது என்று வகுப்பில் சொல்லும்போது இருளப்பனுக்கு ஒரு நிம்மதி வரும், பெரிய மனிதருக்கே தடுமாற்றம் இருந்ததென்றால் நமக்கு இருந்தால் என்ன. கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் இருபது வருஷம் சொல்லியாயிற்று. கடத்தப்படாது. அப்படியென்றால் அவள் கை ஏன் பின்னால் போயிற்று? தன் கை இப்போது எங்கே இருக்கிறது? பின்னால். ஒரு கை மற்றொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மேற்பார்வைக்கு நடக்கும்போது இப்படித்தான் நடப்பார், பேராசிரியர் தோரணை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும். அது அவரைப் பெற்ற அய்யா கற்றுக்கொடுத்தது. பலசரக்குக் கடை வாசலில் அய்யா குனிந்து காதில் சொல்வார், "கையப் பின்னாடி கட்டு. சாமானத் தொடாத. கடைக்காரன் கண்ணுக்குத் தெரியிற மாதிரி நில்லு." பால் சொசைட்டியில் வேலை பார்த்த மனிதர், ஒரு சொட்டுப் பால் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அவருக்கு அவருடைய அய்யா சொன்னது. அந்தத் தாத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, போலீஸ் கச்சேரியில் அடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். வேனிலுக்கு நான் அப்படி நிற்கச் சொன்னதில்லையே. சொன்னதில்லையா? போன தீபாவளிக்கு வளையல் கடையில்? சொல்லியிருக்கலாம். நினைவில்லை. சொல்லாமலே அவளுக்கு வந்ததென்றால் பன்னிரண்டாவது கேள்விக்கு விடையை மாற்றி எழுத வேண்டும்.

நடு வரிசைக்கு வந்தார். கண்ணாடி போட்ட பெண் ஒன்று மணி மணியாக எழுதிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தார். 'குற்றப் பரம்பரையினர் சட்டம், 1871 — சிறு குறிப்பு.' ஐந்து மதிப்பெண். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சில இனத்தவர் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று கருதப்பட்டனர், முதலில் வடக்கிலும் பின்னர் சென்னை மாகாணத்திலும் இச்சட்டம் நடைமுறைக்கு வந்தது, பதிவேட்டில் கைரேகை வைத்தனர். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், ஐந்துக்கு நாலு போடலாம். தாத்தாவின் கட்டை விரல் ஐந்து மதிப்பெண்ணுக்குள் அடங்கிவிட்டது. தினமும் பொழுது சாய்வதற்குள் கச்சேரிக்குப் போய் மையில் விரலைத் தோய்த்து வைக்க வேண்டும், சம்பந்தி வீட்டுக்குப் போகச் சீட்டு, சாவுக்குப் போகச் சீட்டு. குற்றம் செய்தாரா செய்யவில்லையா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, பிறந்திருக்கிறார் அல்லவா, அது போதும். இத்தாலியில் ஒரு டாக்டர் திருடன் மண்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாராம். தாடை, காது, நெற்றிச் சரிவு, எல்லாவற்றையும் அளந்துவிட்டு, இவன் மனிதன்தான், ஆனால் பழைய மனிதன், காலம் இவனுக்குள் பின்னால் தங்கிவிட்டது என்றாராம். படித்த மனிதர்கள் அதைக் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். பரிணாமம் என்பது ஏணி, மேல் படியில் நாங்கள், கீழ்ப் படியில் இவர்கள் என்று படம் போட்டார்கள். ஏணியே இல்லை பிள்ளைகளே, அது புதர், நாலாபக்கமும் கிளைத்த புதர், உச்சி என்று ஒன்று கிடையாது என்று கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவர்தான் இருளப்பன். அதே இருளப்பன் வேனில் பிறந்த மூன்றாம் நாள், வளர்மதி தூங்கும்போது, குழந்தையின் காதை மடித்து மடித்துப் பார்த்தார். எதற்குப் பார்த்தாய்? சும்மா. சும்மா இல்லை. புத்தகத்தில் இருந்த அந்தக் காதின் படம் கண்ணுக்குள் நின்றது, அதனால் பார்த்தாய். வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷம் ஆயிற்று, சட்டத்தைக் கிழித்துப் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று, சாதிச் சான்றிதழில் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள், ஆனால் அந்த டாக்டர் உனக்குள் அளவுகோலோடு உட்கார்ந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் பயம் அப்படியே இருந்தது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று ஊரில் கேட்பார்கள், யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

பதினொன்றே முக்கால். "சார், அடிஷனல்." கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், எண்ணைப் பதிந்தார். இந்நேரம் என்ன நடந்திருக்கும்? பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போனதும் டீச்சர் தேடியிருப்பார், பூதக்கண்ணாடி எங்கே? யாராவது ஒரு பிள்ளை, இளவேனில்தான் மிஸ் எடுத்தா, நான் பார்த்தேன் என்றிருக்கும். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், வேறு எதற்கு? காய்ச்சலாக இருக்கக் கூடாதா? இருக்கட்டுமே கடவுளே, காய்ச்சலாக இருக்கட்டும், விழுந்து முட்டியில் அடிபட்டிருக்கட்டும். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வரட்டும் என்று வேண்டுகிற தகப்பன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா? ஆனாலும் பையைச் சோதித்தால் ஒன்றும் அகப்படாது, அவ்வளவுக்கு அவர் பார்த்துக்கொண்டார். நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லிப் பள்ளிக்குப் போய், வராந்தாவில் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். யாரும் பார்க்காமல். அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம். பறக்கும் படை. மூன்று பேர், முன்னால் ஒரு அம்மாள், கழுத்தில் அடையாள அட்டை. பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அந்த அம்மாள் மேஜைக்கு அடியில் பார்த்தார், பையன்களை எழுந்து பையை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். பத்துப் பதினைந்து பேன்ட் பைகள் நாக்கைத் துருத்தின. இருளப்பனுக்கு நெற்றி வியர்த்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? என்னுடையதையும் காட்டச் சொன்னால்? கண்காணிப்பாளரை யார் சோதிப்பார்கள், பைத்தியமா? சோதிக்கவில்லை. ஆனால் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அந்த அம்மாள் அவர் பேன்ட்டைப் பார்த்தார். "என்ன சார் பாக்கெட்ல? செல்லா?" இல்லையில்லை மேடம் என்று வெளியே எடுத்தார், டேப் ஒட்டிய பிடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு வட்டத்தை மட்டும் காட்டினார். "லென்ஸு. நான் ஜூவாலஜி. என்னோடதுதான் மேடம்." "ஓகே சார்." அவர்கள் போய்விட்டார்கள். யாருடையது என்று அந்த அம்மாள் கேட்கவே இல்லையே. என்னோடதுதான். நாற்பத்தாறு வயதில், மூன்று தலைமுறை கையைப் பின்னால் கட்டி நின்ற பிறகு, இந்த வம்சத்தில் ஒருவன் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு என்னுடையது என்று சொல்லிவிட்டான், அதுவும் அரசாங்கத்து ஆளிடம்.

அதன் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கோழி நினைவுக்கு வந்தது, அய்யாவின் கோழி. இருளப்பனுக்கு அப்போது ஒன்பது வயது. மத்தியான வேளையில் எங்கிருந்தோ ஒரு செவலைக் கோழி கொல்லைக்குள் வந்து குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அய்யா சோற்றுத் தட்டிலிருந்து அப்படியே எழுந்தார், கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. கோழியைப் பிடித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, தெருவுக்கு நட்டநடுவில் நடந்தார். "இது யாரு வீட்டுக் கோழி? என் கொல்லையில நின்னுச்சு. யாரு வீட்டுக் கோழி?" கோழி கதறியது, இறக்கை அவர் முகத்தில் அடித்தது, அவர் இறக்கவில்லை. கடைசியில் மேலத் தெருவில் ஒரு அம்மா வாங்கிக்கொண்டு, "இதுக்குப் போயி ஏண்ணே இப்படி கத்திக்கிட்டு வர்றீக, அதுவா வந்திரும்ல" என்றாள். தெருப் பையன்கள் சிரித்தார்கள். இருளப்பனுக்கு மானம் போயிற்று, இரண்டு நாள் அய்யாவோடு பேசவில்லை. இந்த மாதிரி ஒரு நாளும் நடக்க மாட்டேன், படித்து வேலைக்குப் போய் யாருக்கும் எதையும் தூக்கிக் காட்டாமல் வாழ்வேன் என்று நினைத்தார், அப்படித்தான் வாழ்ந்தார். இன்றைக்கு யோசித்தால், அய்யா பயந்தார், ஆனால் ஒளிக்கவில்லை. எனக்குத்தான் ஒளிக்கத் தோன்றியது. நான் படித்தவன் அல்லவா. விலங்கியல் வரிசையில் ஒரு பையன் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வரைந்து, அழித்து, இன்னும் நீளமாக வரைந்துகொண்டிருந்தான். போதும்டா தம்பி, அவ்வளவு நீளம் வேண்டாம் என்று சொல்ல நினைத்தார். வேனில் அழுதுகொண்டிருப்பாளா? அழுதால் அவளுக்கு மூக்கு நுனி மட்டும் சிவக்கும், யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்களா? மூன்று மணி நேரமாகத் தன் மானத்தையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது இப்போதுதான் தோன்றியது. பன்னிரண்டு ஐம்பதுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. அந்தப் பத்து நிமிடம் மற்ற எல்லாவற்றையும்விட நீளமாக இருந்தது.

விடைத்தாள்களை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டு, தட்டிலிருந்து போனை எடுத்து, வேப்பமரத்தடிக்குப் போய்க் கூப்பிட்டார். எஸ்தர் மிஸ்தான் எடுத்தார், மூன்றாம் வகுப்பு டீச்சர். "சார், பெருசா ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. எங்க கிளாஸ்ல ஒரு பூதக்கண்ணாடி இருக்கு சார், வாரம் ஒரு பிள்ளைக்கு வீட்டுக்குக் குடுத்து விடுவோம், பாத்ததை வரைஞ்சு திங்கக்கிழமை கொண்டாந்து காட்டணும். இந்த வாரம் இளவேனிலோட முறை. எறும்பு வரைஞ்சிருக்கா சார், ஆறு காலும் கரெக்டா. உங்ககிட்ட சொல்லாம ஸ்கூல்ல காட்டிட்டு, ஸ்டார் வாங்கிட்டு, அப்புறம்தான் அப்பாகிட்ட காட்டுவேன்னு சொன்னா. காலைல பையில பார்த்தா கண்ணாடி இல்ல. வீட்ல இருக்கான்னு கேக்கத்தான் போன் பண்ணினேன்." மிஸ்ஸின் குரல் தணிந்தது. "அதில்ல சார் விஷயம். தொலைஞ்சா போகுது, நூறு ரூபா சாமான். யாரும் அவள ஒரு வார்த்தை சொல்லல. அவளாவே எந்திரிச்சு வந்து, பைய என் டேபிள்ல கொட்டி, பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டி, 'நான் எடுக்கல மிஸ், நான் எடுக்கல'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அதைப் பார்த்ததும் மத்த புள்ளைங்க இவதான் எடுத்திருப்பான்னு பேச ஆரம்பிச்சிருச்சுங்க. கேக்காமயே ஏன் சார் இந்தப் பிள்ளை இப்படிச் சொல்லுது? வீட்ல ஏதாவது...?" வந்துவிடுகிறேன் மிஸ் என்று சொன்னார். சொன்னாரா, நினைத்தாரா தெரியவில்லை. பைக்கில் ஏறி எந்த வழியாகப் போனார் என்பதும் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்தியபோது சாப்பாட்டு இடைவேளை, மைதானம் முழுக்கப் பிள்ளைகள். மூன்று பி எந்தப் பக்கம் என்று தெரியும், சுவர் ஓரமாக நிழலில் போய்விடலாம், எஸ்தர் மிஸ்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தது என்று கொடுத்துவிடலாம். நாக்கு அதற்குத் தயாராகவும் இருந்தது. கை பேன்ட் பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் பூதக்கண்ணாடி இருந்தது, கை இடுப்பில் நிற்கவில்லை, மேலே போயிற்று, தலைக்கு மேலே. சிவப்புப் பிடி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு நடுவில் நடந்தார். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றார்கள். சில பேர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். "மூணாம் வகுப்பு பூதக்கண்ணாடி," என்றார், குரல் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல், "இளவேனில் எடுக்கல. நான்தான் எடுத்தேன். அவ பையிலேருந்து அவளுக்குத் தெரியாம நான்தான் எடுத்தேன்." வகுப்பு வாசலில் எஸ்தர் மிஸ் கையில் சாக்பீஸோடு நின்றுவிட்டார். அவர் பக்கத்தில் வேனில் நின்றாள், மூக்கு நுனி சிவந்து, பாவாடைப் பை இன்னும் வெளியே தொங்கிக்கொண்டு, இரண்டு கையும் பின்னால். இருளப்பன் அவள் முன்னால் மண்டியிட்டார். முதலில் அந்தக் கைகளைத்தான் முன்னால் இழுத்துப் பிரித்தார், பிறகு கண்ணாடியை அதில் வைத்தார். ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது, கச்சேரியிலிருந்தா, கோழியிலிருந்தா? அவள் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் இல்லை. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள், புறங்கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை எல்லாம் மறந்துவிட்டு, பெரிய மனுஷி மாதிரி, அவருக்காகவே வருத்தப்பட்டுச் சொன்னாள்.

"உனக்கு வேணும்னா கேட்டிருக்கலாம்லப்பா. குடுத்திருப்பேன்ல."